குளிர் பைப்பும் இம்பாக்ட் டெஸ்டும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் தமையனும் சேர்ந்து இறால், நண்டு, கணவாய் உறைய வைச்சு ஏற்றுமதி செய்யிறதுக்கு ஒரு பிளாஸ்ட் ப்ரீசர் போடுறம். அமோனியா சிஸ்டம், கொயிலுக்க மைனஸ் 40 வரைக்கும் போகுமாம். டிசைன் செய்த என்ஜினியர் ஏ333 கிரேட் 6 எண்ட, குளிருக்கெண்டு செய்யிற இரும்புப் பைப் எண்டு எழுதித் தந்திருக்கிறார். கொழும்பில பைப் விக்கிற கடைக்காரர், "அது வீண் காசு தம்பி, சாதாரண ஏ106 கிரேட் பி எடுங்கோ, கெமிக்கலும் ஒண்டு, பலமும் ஒண்டு" எண்டுறார். ஆற்ற கதையைக் கேக்கிறது?
– மயிலிட்டி வாசகர்

பதில்: என்ஜினியற்ற கதையைக் கேளுங்கோ தம்பி. ஆனா கடைக்காரர் சொன்னது முழுப்பொய்யும் இல்லை, அதாலதான் கன பேர் அதை நம்பிப் போகினம். ரெண்டுக்கும் காபன் கூடினது 0.30 வீதம், மங்கனீஸ் 0.29 இல இருந்து 1.06 வரைக்கும், யீல்ட் (நிரந்தரமா வளையத் தொடங்கிற பலம்) 240 மெகாபஸ்கால், இழுத்து அறுக்கிற பலம் 415. இதைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கிற ஆருக்கும் ஒரே சாமான் மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் வேற இடத்தில கிடக்குது. ஏ333 இல கந்தகமும் பொஸ்பரசும் ஒவ்வொண்டும் 0.025 வீதத்துக்கு மேல போகக் கூடாது, ஏ106 இல 0.035 வரைக்கும் விடலாம், குளிரில இரும்பை முறிய வைக்கிறதில இந்த ரெண்டுக்கும் பெரிய பங்கு இருக்கு. அடுத்தது ஏ333 பைப்பை நோர்மலைஸ் (சூடாக்கிக் காத்தில ஆற விடுறது) மாதிரி ஒரு ஒழுங்கான சூட்டு முறையால கொண்டு வந்து உள்ளுக்க இருக்கிற உலோக மணியை (கிரெயின்) சின்னனாக்க வேணும், ஏ106 இல சூடா உருட்டி எடுத்த பைப்பை அப்பிடியே விக்கலாம். கடைசியா, முக்கியமா, ஏ333 கிரேட் 6 பைப்பில துண்டு வெட்டி மைனஸ் 45 பாகையில அடிச்சு உடைச்சுப் பாத்துத்தான் அனுப்புவினம், இதுதான் இம்பாக்ட் டெஸ்ட். ஏ106 ஐ ஒருத்தரும் அப்பிடிப் பாக்கிறேல்லை, பாக்கச் சொல்லி அந்த ஸ்டாண்டர்ட்டில எழுதியும் இல்லை. அப்ப உங்கட கையில இருக்கிற ஏ106 மைனஸ் 40 இல தாங்கினாலும் தாங்கும், தாங்காட்டிலும் தாங்காது. தெரியாத ஒண்டுக்குப் பக்கத்தில ஆக்களை வேலைக்கு நிப்பாட்டலாமோ?

ஏ106 ஐ எவ்வளவு குளிருக்குக் கொண்டு போகலாம் எண்டதுக்கு பி31.3 எண்ட பைப்பிங் கோட்டில ஒரு வரைபடம் இருக்கு, ஏ, பி, சி, டி எண்டு நாலு கோடு. ஏ106 கிரேட் பி அதில பி கோட்டில வரும். சுவர்த் தடிப்பு 10 மி.மீ க்குள்ள எண்டா மைனஸ் 29 வரைக்கும் டெஸ்ட் இல்லாமல் பாவிக்கலாம், அதுக்கு மேல தடிக்கத் தடிக்க அந்த எல்லை மேல ஏறும், 12.7 மி.மீ க்கு மைனஸ் 22 கிட்ட, 25.4 மி.மீ எண்டா கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கே வந்திடும். கன பேருக்கு இது தலைகீழா விளங்குது, தடிச்ச பைப் போட்டால் பாதுகாப்புத்தானே எண்டு நினைக்கினம். குளிரில அப்பிடி இல்லை. தடிச்ச சுவருக்கு நடுவில உலோகம் நீண்டு விட்டுக் குடுக்க இடமில்லாமல் இறுகி நிக்கும், வெடிப்பு ஓடுறதுக்கு அது நல்ல வசதி.

இப்ப உங்கட கேஸுக்கு வருவம். குளிரூட்டல் பைப்புகளுக்கு எண்டு தனியா பி31.5 எண்டொரு கோட் இருக்கு, அதில ஒரு சலுகையும் இருக்கு, கடைக்காரருக்குத் தெரிஞ்சிருந்தால் அதையும் சொல்லியிருப்பார். உலோகத்தில வாற இழுவிசை அனுமதிச்ச அளவில 40 வீதத்துக்கு மேல போகாட்டி, மைனஸ் 29 இல இருந்து மைனஸ் 101 வரைக்கும் இம்பாக்ட் டெஸ்ட் இல்லாத பைப்பையே போடலாம். அது நியாயமான சலுகைதான். அமோனியா மைனஸ் 40 இல கொதிக்கேக்க அதிண்ட அழுத்தம் 0.72 பார்தான், அதாவது வெளிக்காத்திலும் குறைவு. பைப் கடுங்குளிரா இருக்கிற நேரத்தில உள்ளுக்க அழுத்தம் இல்லை எண்டால் முறிக்கிறதுக்கு விசையும் இல்லை. இந்தக் கணக்கை நம்பித்தான் உலகத்தில எத்தினையோ ப்ரீசர் ஓடுது.

ஆனா உங்கட ப்ரீசரில டீப்ரொஸ்ட் (கட்டின ஐஸை உருக்கிறது) எப்பிடிச் செய்யப் போறியள்? ஹொட் காஸ் எண்டால் கொஞ்சம் நில்லுங்கோ. கொயிலில ஐஸ் கட்டினாப் பிறகு, மைனஸ் 40 இல கிடக்கிற அதே பைப்புக்குள்ள கொம்ப்ரசர் பக்கத்தில இருந்து சூடான வாயுவை ஆறு ஏழு பார் அழுத்தத்தில திறந்து விடுவியள், பைப் இன்னும் சூடாகேல்லை, அழுத்தம் ஏறீட்டுது, உள்ளுக்க மிச்சத் திரவம் கிடந்தால் வாயு அதைத் தள்ளிக்கொண்டு போய் முழங்கையில, எண்ட் கப்பில சம்மட்டி மாதிரி அடிக்கும். 2010 ஓகஸ்ட் 23 இல அமெரிக்காவில அலபாமா மாநிலத்து தியடோர் எண்ட ஊரில ஒரு குளிர்களஞ்சியத்தில இப்பிடி ஒரு அடியில கூரையில போன 12 அங்குலப் பைப்பும் உள்ளுக்க கொயிலும் ஒண்டாய்ப் போய் 32 ஆயிரம் இறாத்தலுக்கு மேல அமோனியா வெளியில வந்தது. அங்க காரணம் அந்தத் திரவ அடி, பைப் குளிரில முறியிற குணம் இல்லை. ஆனா அப்பிடி ஒரு அடி குளிரில முறியிற பைப்பில விழுந்தால் என்ன ஆகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பம்ப் வைச்சுத் திரவத்தைச் சுத்த விடுற சிஸ்டம் எண்டாலும் பம்ப் அழுத்தம் கூட வரும். ஆகவே 40 வீதச் சலுகை வேணுமெண்டால் என்ஜினியர் இந்த எல்லா நேரத்தையும் சேத்துக் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைக்கட்டும், அதை விட்டிட்டு கடைக்காரற்ற வாயால எடுக்கிற முடிவு இல்லை இது. என்னைக் கேட்டால் மைனஸ் 29 க்குக் கீழ போற சக்சன் லைன் (கொம்ப்ரசருக்குத் திரும்பிப் போற பைப்), கொயில் ஹெடர் (கொயில்களைச் சேக்கிற பெரிய பைப்), குளிர்த் திரவ லைன் எல்லாத்துக்கும் ஏ333 போடுங்கோ, கொம்ப்ரசருக்கு அங்கால சூட்டுப் பக்கத்துக்கு ஏ106 தாராளமாக் காணும். முழுத் தொழிற்சாலைக்கும் ஏ333 தேவையில்லை, காசு மிச்சம் பிடிக்கிறதெண்டால் அங்க பிடியுங்கோ.

இன்னொண்டு. சில கடையில "இதுவும் அதுதான், டெஸ்ட் பண்ணித் தரலாம்" எண்டுவினம். ஏ106 ஐ டெஸ்ட் செய்து பாவிக்கிறதுக்கு கோட்டில வழி இருக்கு, உண்மைதான். ஆனா பைப்பில அடிச்சிருக்கிற ஹீட் நம்பரும் (ஒரு தடவை உருக்கி எடுத்த இரும்பிண்ட அடையாள எண்) சேர்ட்டிபிக்கேட்டில இருக்கிற ஹீட் நம்பரும் ஒண்டா இருக்க வேணும், ஒவ்வொரு ஹீட்டுக்கும் தனித்தனியா டெஸ்ட் வேணும். பெயின்ற் அடிச்சு நம்பர் மறைஞ்ச பைப்பில ஒரு முழத்தை வெட்டி டெஸ்ட் செய்து, அந்தப் பேப்பரை மிச்ச லோட்டுக்கும் காட்டுறதில ஒரு அர்த்தமும் இல்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்தில மார்கழிப் பனிக்கே இருபது பாகைக்குக் கீழ போறது அருமை. மகன் கனடா அல்பேர்ட்டாவில பைப் வேலை, அவனுக்கு இந்த இம்பாக்ட் டெஸ்ட் கதை சரி, வெளியில மைனஸ் 40. எங்களுக்கு ஏன்?
– நல்லூர் வாசகர்

பதில்: ஐயா, பைப்புக்குத் தெரியிறது தன்ர உடம்புச் சூடு மட்டும்தான், அந்தக் குளிர் வானத்தில இருந்து வந்ததோ உள்ளுக்க போற சாமானில இருந்து வந்ததோ எண்டு அதுக்குத் தெரியாது. அமோனியா சாதாரண அழுத்தத்தில மைனஸ் 33 இல கொதிக்கும், புரொப்பேன் மைனஸ் 42 இல. வெய்யிலில 35 பாகையில நிக்கிற ஒரு புரொப்பேன் தாங்கியில ஒரு வால்வை அகலத் திறந்து அழுத்தத்தைக் கெதியா இறக்கினால், மிச்சத் திரவம் கொதிச்சுக் கொதிச்சுத் தன்னைத்தானே குளிராக்கி அந்த மைனஸ் 42 கிட்டக் கொண்டு போய் விடும். வெளியில ஆள் வேர்த்து நிப்பான், வால்வுக்குப் பக்கத்தில வெள்ளையாப் பனி பூக்கும்.

அவுஸ்திரேலியாவும் ஒண்டும் பனி நாடில்லைத்தானே. 1998 செப்ரெம்பர் 25 இல விக்ரோரியா மாநிலத்தில லோங்போர்ட் எண்ட இடத்து காஸ் ஆலையில, வழமையாச் சூட்டோட ஓடுற ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போற சூட்டு எண்ணெய் நிண்டு போச்சு. நிண்டதும் மற்றப் பக்கத்துக் குளிர் திரவம் அதை மைனஸ் 48 வரைக்கும் இறக்கீட்டுது, வெளியில ஐஸ் கட்டினதைக் கண்டவை. பிறகு திரும்பச் சூட்டு எண்ணெயை விட்டினம், குளிர்ந்து போயிருந்த இரும்பு ஒரேயடியா வெடிச்சுது. ரெண்டு பேர் செத்து எட்டுப் பேருக்குக் காயம், மெல்பேண் பக்கம் ரெண்டு கிழமை மட்டில காஸ் இல்லாமல் இருந்தது. அந்த எக்ஸ்சேஞ்சரை ஒருத்தரும் குளிர்ச் சாமான் எண்டு நினைக்கேல்லை. இதால நான் டிசைன் செய்யிற பிள்ளைகளிட்ட முதல் கேக்கிறது "ஓடேக்க எத்தினை பாகை" எண்டு இல்லை, "பிழைச்சால் எவ்வளவு கீழ போகும், அந்த நேரம் உள்ளுக்க எவ்வளவு அழுத்தம் இருக்கும்" எண்டதுதான். உங்கட மகனிட்டயும் கேட்டுப் பாருங்கோ, அவரும் இதைத்தான் சொல்லுவார்.

கேள்வி: ஐயா, அதே இரும்பு சூட்டில வளையுது, குளிரில முறியுது, இது ஏன்? ஸ்ரெயின்லெஸ்ஸுக்கு மட்டும் இந்தப் பிரச்சினை இல்லை எண்டு விரிவுரையில சொன்னவை. சார்ப்பி எண்ட இம்பாக்ட் டெஸ்டில என்னத்தை அளக்கினம்?
– பொறியியல் பீட மாணவி, கிளிநொச்சி

பதில்: நல்ல கேள்வி பிள்ளை. பச்சை ஓலையை மடிச்சால் மடியும், அதே ஓலை காய்ஞ்சால் மடிக்கேக்க முறியும், இரும்புக்குக் காய்ச்சல் எண்டது குளிர். இரும்பு வளையிறது எண்டால் உள்ளுக்க அணு அடுக்குகள் ஒண்டுக்கு மேல ஒண்டு வழுக்கிறதுதான். காபன் ஸ்டீலில அணுக்கள் பெட்டியிண்ட எட்டு மூலையிலயும் நடுவில ஒண்டுமா நிக்கிற அமைப்பு, அதில இந்த வழுக்கலுக்குச் சூட்டுச் சக்தியிண்ட உதவி வேணும், குளிரக் குளிர வழுக்கிறது கஷ்டமாகும், ஒரு கட்டத்தில வழுக்கிறதை விடப் பிளக்கிறது சுகமாப் போயிடும். 304 மாதிரி ஸ்ரெயின்லெஸ்ஸில மூலைகளோட ஒவ்வொரு முகத்துக்கு நடுவிலயும் அணு நிக்கிற அமைப்பு, அதில குளிரிலயும் வழுக்கும். அதாலதான் மைனஸ் 183 இல இருக்கிற திரவ ஒட்சிசனையும் மைனஸ் 196 இல இருக்கிற திரவ நைதரசனையும் காபன் ஸ்டீலில வைக்கிறேல்லை. நிக்கல் சேத்தாலும் இந்த முறியிற எல்லை கீழ இறங்கும், ஏ333 கிரேட் 3 இல மூண்டரை வீதம் நிக்கல், மைனஸ் 100 க்குப் போகலாம், கிரேட் 8 இல 9 வீதம், அது மைனஸ் 195 க்கு.

டெஸ்ட் எண்டு பாத்தால் சிம்பிள். 10 க்கு 10 க்கு 55 மி.மீ துண்டு, நடுவில 2 மி.மீ ஆழத்துக்கு 45 பாகை கோணத்தில ஒரு வி வெட்டு, அடி மூலையிண்ட ஆரை 0.25 மி.மீ. குளிர் அற்ககோலில ஊறப் போட்டு, எடுத்து அஞ்சு செக்கனுக்குள்ள ஊசல் சுத்தியலால அடிக்க வேணும், பிந்தினால் துண்டு சூடாகி எண் கூடிக் காட்டும். சுத்தியல் விழுந்த உயரத்துக்கும் அடிச்சுப் போட்டு அங்கால ஏறின உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் துண்டு குடிச்ச சக்தி. பிரெஞ்சுக்காரர் ஜோர்ஜ் சார்ப்பி 1901 இல ஒழுங்குபடுத்தின முறை, இண்டைக்கும் அடிப்படை அதேதான். உடைஞ்ச முகத்தையும் பாருங்கோ, நார் நாராய் மங்கலா இருந்தால் இழுபட்டு உடைஞ்சது, உப்புக் கல்லு மாதிரிப் பளபளத்தால் பிளந்தது.

இந்த விசயத்தை உலகம் பெரிய விலை குடுத்துத்தான் படிச்சது. 1943 ஜனவரி 16 இல ஸ்கெனெக்டடி எண்ட புது எண்ணெய்க் கப்பல், அமெரிக்காவில போட்லன்ட் துறையில சும்மா கட்டி நிக்கேக்க ரெண்டாய்ப் பிளந்தது. கடலுமில்லை, புயலுமில்லை. இப்பிடி முறிஞ்ச யுத்தகாலக் கப்பல்களிண்ட இரும்பை கேம்பிறிட்ஜில ஆராய்ஞ்சு, வெல்டிங்கை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, அந்த இரும்பே ஒரு வெப்பநிலைக்குக் கீழ முறியிற இரும்பு எண்டு காட்டினது கொன்ஸ்டன்ஸ் டிப்பர் எண்ட பெண். உலோகம் படிக்கிற ஒரு பெண் பிள்ளைக்கு இந்தப் பேர் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும் எண்டுதான் எழுதுறன்.

கேள்வி: அண்ணை, நான் கட்டாரில க்யூசி (தரம் பாக்கிற வேலை). ஒரு ஏ333 கிரேட் 6 லோட்டிண்ட சேர்ட்டிபிக்கேட்டில 7.5 மி.மீ துண்டுக்கு 16, 13, 12 ஜூல் எண்டு கிடக்குது. சுப்பவைசர் "தனி எண் 11 க்கு மேலதானே, பாஸ்" எண்டுறார். விடலாமோ?
– ஊர் பருத்தித்துறை, வேலை டோஹா

பதில்: விடாதேங்கோ. 10 மி.மீ முழுத் துண்டுக்கு மூண்டிண்ட சராசரி 18 ஜூல், தனி எண் 14 க்குக் குறையக் கூடாது. 7.5 மி.மீ துண்டுக்கு அது 14 உம் 11 உம், 5 மி.மீ க்கு 9 உம் 7 உம். உங்கட மூண்டையும் கூட்டி மூண்டால பிரிச்சால் 13.7 வருது, 14 ஐத் தொடேல்லை. ரெண்டு துண்டு அந்த 14 க்குக் கீழ நிக்குது. பி31.3 இல இதுக்கு வழி, அதே லோட்டில இன்னும் மூண்டு துண்டு எடுத்து மறு டெஸ்ட், அதில ஒவ்வொண்டும் தனித்தனியா 14 ஐத் தொட வேணும், சராசரிக் கதை அங்க இல்லை. சுப்பவைசரோட சண்டை பிடிக்கத் தேவையில்லை தம்பி, ஸ்டாண்டர்ட்டில அந்த அட்டவணையைத் திறந்து முன்னால வையுங்கோ.

அதோட பைப்பிண்ட சுவர்த் தடிப்பையும் பாருங்கோ. டெஸ்ட் துண்டிண்ட அகலம் சுவரிண்ட 80 வீதத்துக்குக் குறைவா இருந்தால் டெஸ்ட் வெப்பநிலையையும் கோட் சொல்லுற அளவுக்கு இன்னும் கீழ இறக்கிச் செய்திருக்க வேணும், சின்னத் துண்டு பெரிய துண்டை விடக் கொஞ்சம் நல்ல பிள்ளையாக் காட்டும் எண்டதாலதான் இந்தக் கணக்கு. மெல்லிய பைப்பில 2.5 மி.மீ அகலத் துண்டே எடுக்க ஏலாட்டி டெஸ்ட் கேக்கிறேல்லை.

கேள்வி: ஏ333 பைப் வெல்டிங் வேலை ஒண்டு வந்திருக்கு. இவ்வளவு காலமும் 6013 ரொட்டாலதான் செய்யிறன், ஒரு லீக்கும் வந்ததில்லை. அதாலயே செய்யலாமோ?
– சுன்னாகம் வெல்டர்

பதில்: ஏலாது அண்ணை. உங்கட கை சுத்தம் எண்டதில எனக்குச் சந்தேகமில்லை, லீக் இல்லாமல் ஒட்டுறது வேற, குளிரில அடி தாங்கிறது வேற. இ6013 க்கு இம்பாக்ட் அளவு எண்டு ஒண்டையும் அதிண்ட ஸ்டாண்டர்ட் கேக்கிறேல்லை. சாதாரண இ7018 க்கு மைனஸ் 29 இல 27 ஜூல். மைனஸ் 45 டிசைனுக்கு இ7018-1 வேணும், அந்தக் கடைசி "1" தான் முக்கியம், அது மைனஸ் 45 இல 27 ஜூல் தரும். ரூட்டை (முதல் ரன்) டிக் வெல்டிங்கில போடுறதெண்டால் ஒரு வீதம் நிக்கல் இருக்கிற இஆர்80எஸ்-என்ஐ1 கம்பி பாருங்கோ. ரொட் பக்கெட்டைத் திறந்து மேசையில போட்டு வைக்காதேங்கோ, எங்கட கடல் காத்து ஈரத்துக்கு அது கெதியா ஈரம் குடிக்கும், சூட்டுப் பெட்டியில வைச்சு எடுங்கோ.

ரொட் மாத்தினால் மட்டும் வேலை முடியாது. வெல்டிங் முறையை எழுதி, ஒரு மாதிரித் துண்டு ஒட்டி, வெல்ட் நடுவிலயும் பக்கத்தில சூடு பட்ட இடத்திலயும் துண்டு வெட்டிக் குளிரில அடிச்சுப் பாத்து பாசாக வேணும். பாசான பிறகு அதில இருந்த சூட்டு அளவை மீறக் கூடாது. கரண்டைக் கூட்டி, ரொட்டை அகல அகல ஆட்டி, ரெண்டு ரன்னில நிரப்பி விட்டால் பாக்க வடிவா இருக்கும், ஆனா சூடு கூடி மணி பெருத்து, ஆலையில கஷ்டப்பட்டுச் சின்னனாக்கி அனுப்பின பைப்பை நீங்கள் அந்த ஓரத்தில பழுதாக்கிப் போடுவியள். ஒடுக்கமா, நேரா, கன ரன். நேரம் எடுக்கும், அதுக்கேத்த கூலியைக் கேட்டு வாங்குங்கோ.

கேள்வி: பைப் மட்டும் ஏ333 எண்டால் காணுமோ, பிளான்ச், போல்ட் எல்லாம் வழமையானதே போடலாமோ?
– மானிப்பாய் வாசகர்

பதில்: காணாது. பிளான்சுக்கு ஏ350 எல்எப்2, முழங்கை, டீ மாதிரிச் சாமானுக்கு ஏ420 டபிள்யூபிஎல்6, வால்வு உடம்புக்கு எல்சிபி அல்லது எல்சிசி. கடையில சும்மா கேட்டால் தாற டபிள்யூசிபி வால்வு மைனஸ் 29 க்குத்தான். போல்ட்டுக்கு ஏ320 எல்7, மைனஸ் 101 வரைக்கும் கவலையில்லை. அமோனியா லைனில பித்தளை, செம்புச் சாமான் ஒண்டும் வேண்டாம், அது குளிரால இல்லை, அமோனியா அதைத் தின்னும்.

கேள்வி: எங்களிட்ட பழைய ஐஸ் பக்டரி ஒண்டு, உப்புத்தண்ணித் தாங்கி மைனஸ் 10 கிட்ட, அமோனியா மைனஸ் 15. பைப் முழுக்க ஏ106. இதையெல்லாம் வாசிச்சுப் போட்டு நித்திரை வருதில்லை. எல்லாத்தையும் மாத்த வேணுமோ?
– குருநகர் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா, நிம்மதியாப் படுங்கோ. ஐஸ் பக்டரிப் பைப் சுவர் 10 மி.மீ க்குள்ளதான் இருக்கும், மைனஸ் 29 வரைக்கும் ஏ106 க்கு அனுமதி இருக்கு, உங்கட மைனஸ் 15 அதுக்கு நல்லா மேல நிக்குது. முறியிற பயம் உங்களுக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிற பயம் கறள். இன்சுலேசன் கிழிஞ்ச இடத்தால ஈரக் காத்துப் போய், பைப்பில தண்ணியா நிண்டு, மெசின் நிப்பாட்டி ஓட்டி நிப்பாட்டி ஓட்டுறதில ஐஸ் கட்டி உருகி, அதோட கடல் உப்பும் சேர்ந்தால் உள்ளுக்க பைப் கடதாசி மாதிரிப் போயிருக்கும், வெளியில ஒண்டும் தெரியாது. அடுத்த முறை மெசின் நிக்கேக்க, தண்ணி சொட்டுற இடம், சப்போர்ட் பிடிக்கிற இடம், வால்வுக்குக் கிட்ட எண்டு சில இடத்தில இன்சுலேசனைப் பிரிச்சு, அல்ட்ராசொனிக் மீற்றரால தடிப்பு அளக்க ஒரு ஆளைப் பிடியுங்கோ. பைப்பில அமோனியா இருக்கேக்க கறளைச் சுத்தியலால தட்டிப் பாக்க ஒருத்தரையும் விடாதேங்கோ.